முகாம் யார் மண்ணில்? ஈரானியக் குர்துகளின் ஆயுதக் கட்சியும் அதன் உறவுகளும்

கேள்வி இதுதான்: ஈரான் அரசை எதிர்க்கும் குர்து ஆயுதக் கட்சிகள் ஈராக்கில் தங்கியிருக்கின்றன. அங்கே வடக்கை ஆள்வதும் குர்துக் கட்சிகளே. அப்படியானால் சொந்த இனத்தார் அவர்களுக்கு இடமும் கொடுத்து, கையையும் கட்டி வைப்பது ஏன்? அவர்களுக்கும் துருக்கியில் ஆயுதம் ஏந்திய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியான பிகேகேவுக்கும் என்ன உறவு?

முகாம் யாருடைய மண்ணில் இருக்கிறதோ, அவர் அனுமதிக்கும் அளவுக்குத்தான் அந்த இயக்கத்தால் அரசியல் செய்ய முடியும். கொள்கை, தலைவர், இனப்பற்று எல்லாம் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. எண்பது ஆண்டு வரலாறு இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஈரானியக் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி 1945 ஆகஸ்ட் 16 அன்று மகாபாத் நகரில் உருவானது. சரியாக ஓராண்டு கழித்து, 1946 ஆகஸ்ட் 16 அன்று, ஈராக்கில் முல்லா முஸ்தபா பர்சானியைத் தலைவராகக் கொண்டு ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு கட்சி எழுந்தது. செய்திகளில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடும். இங்கே ஈரானியக் கட்சியை அங்குள்ள மக்கள் அழைப்பதுபோல் 'தெமொக்ராத்' என்றே எழுதுகிறேன். ஈராக்கில் இருப்பது பர்சானி கட்சி. 1975இல் ஜலால் தாலபானி தொடங்கிய தேசபக்த ஒன்றியம் தாலபானி கட்சி.

தெமொக்ராத் பிறந்தபோதே அந்நிய நிழலில்தான் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை ஈரானின் வடக்கில் நின்றிருந்தது. அந்த நிழலில்தான் 1946 ஜனவரி 22 அன்று மகாபாத்தின் சுவார் சிரா சதுக்கத்தில் காஸி முகமது குர்துக் குடியரசை அறிவித்தார். பேஷ்மெர்கா, அதாவது 'சாவுக்கு முன் நிற்பவர்', என்ற சொல் படைவீரனின் பெயராக நிலைபெற்றது அப்போதுதான். பர்சானியும் தன் ஆட்களோடு ஈராக்கிலிருந்து வந்து அந்தக் குடியரசின் படைத்தளபதிகளில் ஒருவரானார். ஆனால் எண்ணெய்ச் சலுகை தருவதாகத் தெஹ்ரான் வாக்களித்ததும் 1946 மே மாதத்துக்குள் சோவியத் படை வெளியேறியது. டிசம்பரில் ஈரான் ராணுவம் மகாபாத்துக்குள் நுழைந்தது. 1947 மார்ச் 31 அன்று காஸி முகமது, குடியரசை அறிவித்த அதே சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டார். மாஸ்கோவுக்குக் கொடுப்பதாகச் சொன்ன எண்ணெய்ச் சலுகையை ஈரான் நாடாளுமன்றம் பிறகு நிராகரித்துவிட்டது. அடகு வைக்கப்பட்டது குர்துகள் மட்டுமே. பர்சானி சில நூறு பேரோடு சோவியத் எல்லைக்கு நடந்தே போய், 1958 வரை அங்கேயே இருந்தார்.

இந்தப் பொது நினைவு இரு கட்சிகளையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1961இல் பாக்தாதுக்கு எதிராகப் போர் தொடங்கிய பர்சானிக்கு ஈரான் மன்னர் ஷாவின் உதவி தேவைப்பட்டது. ஈராக்கை அரித்துக்கொண்டிருக்க ஷாவுக்கும் பர்சானி வேண்டியிருந்தார். ஷா கேட்ட விலை ஒன்றுதான்: ஈரானியக் குர்துகளை அடக்கி வை. 1967, 68இல் தெமொக்ராத்தின் இளம் அணி ஒன்று ஈரானுக்குள் ஆயுதம் தூக்கியபோது பர்சானி தரப்பு அவர்களைத் தடுத்தது. அந்த அணியின் தலைவர்களில் ஒருவரான சுலைமான் முயினி 1968இல் பர்சானி ஆட்களால் கொல்லப்பட்டார். உடல் ஈரான் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கிழக்குக் குர்திஸ்தானில், அவர்கள் சொல்லும் ரோஜ்ஹலாத்தில், இந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆனால் விலை கொடுத்த பர்சானிக்கும் எதுவும் மிஞ்சவில்லை. 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஷாவும் ஈராக்கின் சதாம் உசேனும் ஷத்துல் அரபு ஆற்றின் எல்லைக்கோட்டில் உடன்பட்டார்கள். ஷா உதவியை நிறுத்தினார். சில வாரங்களில் பர்சானியின் எழுச்சி சரிந்தது.

1979 புரட்சிக்குப் பிறகு, மகாபாத் குடியரசு வீழ்ந்தபின் முதல்முறையாக, தெமொக்ராத் வெளிப்படையாக, பெருங்கட்சியாக நின்றது. 1970களின் தொடக்கத்திலிருந்து அதன் தலைவர் அப்துல் ரஹ்மான் காசெம்லூ. ஊர்மியாவில் பிறந்தவர், பிராகிலும் பாரிஸிலும் வாழ்ந்த பொருளாதாரப் பேராசிரியர். 'ஈரானுக்கு ஜனநாயகம், குர்திஸ்தானுக்குத் தன்னாட்சி' என்பது அவர் நிலைநிறுத்திய முழக்கம். தனிநாடு கேட்காத இந்த முழக்கத்தைத் தெஹ்ரான் கடைசிவரை பிரிவினை என்றே படித்தது. மார்ச் 1979 பொதுவாக்கெடுப்பைக் கட்சி புறக்கணித்தது. ஆகஸ்டில் அரசியல் சட்டம் எழுதும் நிபுணர் பேரவைக்குக் காசெம்லூ தேர்வானார். ஆனால் அவரை அங்கே உட்கார விடவில்லை. அதே மாதம் புரட்சித் தலைவர் கொமேனியின் ஆணையில் படைகள் குர்திஸ்தானுக்குள் இறங்கின. புரட்சி நீதிபதி கல்காலியின் நடமாடும் நீதிமன்றம் விசாரணை என்று பெயர் சொல்லக்கூடத் தகாத சில நிமிடங்களில் மரணதண்டனைகள் விதித்தது. நகரங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. 1983, 84க்குள் பேஷ்மெர்காக்கள் நகரங்களை முற்றிலும் இழந்து எல்லை மலைகளுக்குத் தள்ளப்பட்டார்கள்.

அப்போது ஈரான் ஈராக் போரும் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தின் உறவுகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தெஹ்ரானோடு சண்டையிட்ட தெமொக்ராத்துக்கு ஆயுதமும் பணமும் வந்த வழி பாக்தாது. பாக்தாதோடு சண்டையிட்ட பர்சானியின் மகன்கள் இத்ரிஸும் மசூதும் ஈரானில் தங்கி, ஈரானின் உதவியில் இயங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் பர்சானி கட்சியின் பேஷ்மெர்காக்கள் ஈரான் புரட்சிக் காவல்படையோடு சேர்ந்து தெமொக்ராத்துக்கு எதிராகவே போரிட்டார்கள். தாலபானி கட்சியோ அப்போது தெமொக்ராத்தோடு நின்றது. தாலபானி கட்சிக்கும் பாக்தாதுக்கும் 1983 கடைசியில் நடந்த பேச்சில் காசெம்லூ நடுவராகவும் இருந்தார். அந்தப் பேச்சு முறிந்து, சில ஆண்டுகளில் தாலபானியும் தெஹ்ரான் பக்கம் போனார். ஒவ்வொரு அரசும் அடுத்த நாட்டுக் குர்தை ஊட்டி வளர்த்து, தன் நாட்டுக் குர்தை அழித்தது.

இதைப் படிப்பவர்கள் 'துரோகம்' என்ற சொல்லுக்குச் சட்டென்று போய்விடுகிறார்கள். அந்தச் சொல் வலியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. கடல் இல்லாத, நான்கு அரசுகளால் சூழப்பட்ட மலைநாடு அது. மாவு, மருந்து, தோட்டா, காயம்பட்டவனை ஏற்றிப்போகும் வண்டி என எதுவும் ஏதாவது ஓர் அரசின் சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டும். சாவடியைத் திறப்பவன் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிறான். தெமொக்ராத் பாக்தாதிடம் வாங்கியதற்கும் விலை இருந்தது. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் சதாமின் நச்சுக்காற்றில் ஆயிரக்கணக்கான குர்துகள் மடிந்தபோது, ஈராக் மண்ணில் தங்கியிருந்த அந்தக் கட்சியால் அதற்கேற்ற குரல் எழுப்ப முடியவில்லை. அதன் வரலாற்றில் மிகக் கனமான மௌனம் அது.

கூட்டாளிகளோடும் உறவு நிலைக்கவில்லை. ஈரானியக் குர்துகளிடையே இரண்டாவது பெரிய ஆயுத அமைப்பு கொமலா. சனந்தாஜ், மரிவான் பக்கம் வேர்விட்ட மார்க்சிய அமைப்பு. நிலமற்ற உழவர்களிடம் அதற்குச் செல்வாக்கு. தெமொக்ராத்தின் பலமோ மகாபாத்தைச் சுற்றிய முக்ரியான் பகுதியும் அங்குள்ள நகர நடுத்தர வகுப்பும். 1984 கடைசியிலிருந்து 1988 வரை இவ்விரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. யார் எந்தப் பகுதியில் அமைப்பு நடத்தலாம், யார் குர்திஸ்தானின் பிரதிநிதி என்பதே சண்டையின் மையம். இருதரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஈரான் ராணுவத்துக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறு யாரும் செய்திருக்க முடியாது. ஈரானிய எதிர்க்கட்சிகளோடும் அதே கதி. 1981இல் ஈரானிய எதிர்ப்பு அமைப்பான முஜாஹிதீனின் தலைவர் மசூத் ரஜவியும் பதவியிழந்த அதிபர் பனிசத்ரும் அமைத்த தேசிய எதிர்ப்பு மன்றத்தில் தெமொக்ராத் சேர்ந்தது. தெஹ்ரானோடு பேச வழி இருந்தால் பேசலாம் என்பது காசெம்லூவின் நிலை. ரஜவிக்கு அது ஏற்கவே முடியாத குற்றம். 1980களின் நடுவில் உறவு முறிந்தது.

பேசலாம் என்ற அந்த நிலைதான் காசெம்லூவின் உயிரையும் எடுத்தது. போர் முடிந்தபின் 1988 டிசம்பரிலும் 1989 ஜனவரியிலும் வியன்னாவில் தெஹ்ரான் பிரதிநிதிகளோடு பேச்சு நடந்தது. அதைத் தாலபானி ஏற்பாடு செய்திருந்தார், பாதுகாப்பும் இருந்தது. ஜூலையில் நடந்த அடுத்த சுற்று தாலபானிக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது. இடம் ஒரு தனியார் குடியிருப்பு, காவல் இல்லை. 1989 ஜூலை 13 அன்று காசெம்லூவும், கட்சியின் ஐரோப்பியப் பிரதிநிதி அப்துல்லா காதரி ஆசரும், நடுவராக வந்த ஈராக்கியக் குர்து ஃபாதில் ரசூலும் அந்த அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காயமடைந்த ஈரானியப் பிரதிநிதி ஒருவரை ஆஸ்திரியா நாடு திரும்ப விட்டது. மற்றவர்களும் தப்பினார்கள். இன்றுவரை யாரும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் மூன்றாவது தரப்பு இல்லாமல், காவல் இல்லாமல், கட்சியின் பெரும்பகுதிக்குத் தெரியாமல் பேசச் சென்றதுதான் நடைமுறைப் பிழை. பேச முனைந்ததைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

அவருக்குப் பின் வந்த சாதெக் ஷரஃப்கந்தியும் மூன்று ஆண்டுதான் இருந்தார். 1992 செப்டம்பர் 17 அன்று பெர்லினில் மிகோனோஸ் என்ற கிரேக்க உணவகத்தில் அவரும் இன்னும் மூவரும் கொல்லப்பட்டார்கள். உலகின் சோஷலிசக் கட்சிகளின் கூட்டமைப்பான சோஷலிஸ்ட் அகிலத்தின் மாநாட்டுக்காக அங்கே வந்திருந்தார். இங்கே ஜெர்மனி ஆஸ்திரியாவைப்போல் நடந்துகொள்ளவில்லை. 1997 ஏப்ரல் 10 தீர்ப்பு, கொலைக்கான ஆணை ஈரானின் உச்சத் தலைமையிலிருந்து வந்தது என்றது. ஐரோப்பிய நாடுகள் தூதர்களைத் திரும்ப அழைத்தன. ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் தூதர்கள் மறுபடி தெஹ்ரானில் இருந்தார்கள்.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கின் வடக்கு குர்துகளின் கைக்கு வந்தது. தெமொக்ராத்தின் தலைமையகம் எர்பில் மாகாணத்துக் கோயா நகரின் அருகே அமைந்தது. மாகாணம் எர்பில் என்றாலும் கோயா தாலபானி கட்சியின் செல்வாக்குக்கு உட்பட்டது. 1994இல் பர்சானி, தாலபானி கட்சிகளுக்கிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. தாலபானிக்கு ஈரானின் துணை தேவைப்பட்டது. 1996 ஜூலையில் சுமார் இரண்டாயிரம் புரட்சிக் காவல்படையினர் தாலபானியின் பகுதி வழியாகவே கோயா வரை வந்து தெமொக்ராத்தின் தளங்களைத் தாக்கிவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த மாதம் பர்சானி, தாலபானியின் கையிலிருந்த எர்பிலை மீட்கச் சதாமின் டாங்குகளை அழைத்தார். அதற்குப் பிறகுதான் தெமொக்ராத் எல்லை தாண்டிய ஆயுத நடவடிக்கைகளை ஏறக்குறைய நிறுத்தியது.

அன்று உருவான ஏற்பாடு எழுதப்படாதது, ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது. முகாமில் குடும்பத்தோடு இருக்கலாம், பள்ளி நடத்தலாம், வானொலியும் தொலைக்காட்சியும் நடத்தலாம், பேஷ்மெர்காவுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இங்கிருந்து போய் ஈரானுக்குள் சுடக்கூடாது. ஈராக் குர்திஸ்தான் இப்படிக் கேட்பதற்குக் காரணம் சாவடிகளில் இருக்கிறது. ஹாஜி ஒம்ரான், பாஷ்மாக், பர்வேஸ்கான் என்ற மூன்று எல்லைக்கடவைகள் வழியாகத்தான் பெரும்பாலான ஈரானியச் சரக்கு வருகிறது. தக்காளியிலிருந்து சிமெண்ட் வரை அதில் அடக்கம். சுலைமானியாவின் சந்தை அந்த வழி மூடினால் சில நாட்களில் தவிக்கும். பாக்தாதில் அரசு அமைய ஈரானுக்கு வேண்டிய கட்சிகளின் ஆதரவும் குர்துகளுக்குத் தேவை, ஏனெனில் அரசு ஊழியர்களின் சம்பளப் பணம் பாக்தாதிலிருந்து வருகிறது. ஈராக்கியக் குர்து அரசின் தலைநகரான எர்பிலில் இருப்பவர் விருந்தாளியைத் துரத்தவும் முடியாது, அவருக்காகத் தீயில் குதிக்கவும் முடியாது. அவர் இடத்தில் நின்று பார்த்தால் இதைக் கோழைத்தனம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

முகாம் வாழ்க்கை நீண்டதால் கட்சி உள்ளே உலர்ந்தது. 2004 மாநாட்டில் தன்னாட்சி என்ற கோரிக்கையைக் கூட்டாட்சி என்று மாற்றினார்கள். 2006 டிசம்பரில் கட்சியே இரண்டாக உடைந்தது. முஸ்தபா ஹிஜ்ரி தலைமையில் ஒன்று, பிரிந்துபோன மற்றொன்று. கொள்கையில் பெரிய வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பொறுப்புகளைப் பங்கிடுவதில் வந்த பிளவு என்றே படுகிறது. சண்டையும் இல்லை, தேர்தலும் இல்லை என்றால் கட்சிக்குள் யார் வலியவர் என்று அளக்க வேறு கோல் இல்லாமல் போகிறது. கொமலாவும் அதே காலத்தில் மேலும் பிளந்தது. தெமொக்ராத்தின் இரு பாதிகளும் மறுபடி சேர்ந்தது 2022 ஆகஸ்ட் 21 அன்றுதான்.

2016 நவ்ரோஸ் புத்தாண்டில் ஹிஜ்ரியின் அணி 'ராசான்' என்ற எழுச்சியை அறிவித்தது. மலையில் இருக்கும் பேஷ்மெர்காவையும் நகரத்தில் இருக்கும் மக்களையும் இணைப்பதே ராசானின் திட்டம். அந்தக் கோடையில் ஈரானின் உஷ்னு, சர்தஷ்த் பக்கம் சில மோதல்கள் நடந்தன. ஈரான் எல்லையோர ஈராக்கியக் கிராமங்களைப் பீரங்கியால் அடித்தது. வீடிழந்தவர்கள் ஈராக்கியக் குர்து உழவர்கள். எர்பிலிலிருந்து கண்டனம் வந்தது, ராசான் மெல்ல அடங்கியது. முகாம் தந்தவரின் எல்லை எங்கே முடிகிறது என்பது அந்த ஒரே கோடையில் தெரிந்துவிட்டது.

பிகேகேவைப் பற்றிக் கேட்டதற்கு இங்கேதான் பதில் வருகிறது. 2025இல் தன்னைக் கலைப்பதாக அறிவிக்கும்வரை, பிகேகே தன்னைத் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நான்கு நாடுகளின் குர்துகளுக்கும் உரிய இயக்கமாகக் கருதியது. 2004இல் அதன் கொள்கையில் பிறந்த ஈரானியக் குர்து ஆயுதக் கட்சியான பெஜாக், ஈரானில் தெமொக்ராத்துக்கு நேர்ப் போட்டி. மாகு, சல்மாஸ், ஊர்மியா பக்கத்து குர்து மொழியின் குர்மாஞ்சி வழக்கைப் பேசும் பகுதிகளில் அதற்குப் பலம் உண்டு. 2011இல் ஈரானோடு கடுமையாகச் சண்டையிட்டபின் பெஜாக் போர்நிறுத்தத்துக்கு வந்தது. கந்தீல் மலைத்தொடரும் அதன் அண்டைப் பகுதிகளும் பிகேகேவின் கையில் இருந்ததால், தெமொக்ராத் எல்லைக்குப் போக வேண்டுமானால் அவர்களைத் தாண்டியே போக வேண்டும். 2015 மே மாதம் கேலஷீன் கணவாய் அருகே தெமொக்ராத் நிலையெடுக்கப் போனபோது இரு தரப்பும் மோதி, பேஷ்மெர்கா ஒருவர் இறந்தார். மேற்குலகமும் இவர்களை ஒரே தட்டில் வைப்பதில்லை. அமெரிக்க நிதித்துறை 2009இல் பெஜாக்கைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. தெமொக்ராத்தை அமெரிக்கா அப்படிச் சேர்த்ததில்லை. 1996 முதல் சோஷலிஸ்ட் அகிலத்தில் அதற்கு இடமும் உண்டு. 'குர்துப் போராளிகள்' என்று பொதுவாக எழுதும் செய்திகள் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் தெமொக்ராத் ஒரு பொருட்டாக இருப்பது துப்பாக்கியால் அல்ல, கடையடைப்பால். 2018 செப்டம்பர் 8 அன்று ஈரான் கோயாவில் இருந்த தலைமையகங்கள்மீது ஃபதே 110 வகை ஏவுகணைகளை வீசியது. மத்தியக் குழு கூடியிருந்த நேரம். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றே ஈரானுக்குள் மூன்று குர்து அரசியல் கைதிகளும் தூக்கிலிடப்பட்டார்கள். கட்சிகள் கூட்டாக அழைப்பு விட்டதும் செப்டம்பர் 12 அன்று மகாபாத், சனந்தாஜ், மரிவான் என நகரம் நகரமாகக் கதவுகள் மூடின. 2022 செப்டம்பர் 16 அன்று சக்கெஸ் ஊர்ப் பெண் ஜீனா மஹ்சா அமினி தெஹ்ரானில் காவலில் இறந்தபோதும் மூன்றாம் நாளே குர்து நகரங்கள் கடையடைத்தன. அவர் அடக்கத்தில் எழுந்து ஈரான் முழுவதும் பரவிய 'ஜின், ஜியான், ஆசாதி' முழக்கம், அதாவது பெண், வாழ்வு, விடுதலை, பிகேகே மரபிலிருந்து வந்தது. கடையடைப்புக்கான அழைப்பு தெமொக்ராத், கொமலா தரப்பிலிருந்து வந்தது. தெருவில் நின்ற இளைஞர்களுக்கு இந்தப் பிரிவினை பெரிதாகப் படவில்லை.

அதற்குத் தெஹ்ரான் தந்த பதில் மறுபடி கோயாவுக்கே போனது. செப்டம்பர் 28 அன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஏவுகணைகளும் ட்ரோன்களும் முகாம்கள்மேல் விழுந்தன. நவம்பரிலும் தாக்குதல் தொடர்ந்தது. பிறகு 2023 மார்ச் 19 அன்று ஈரானும் ஈராக்கும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. செப்டம்பர் 19க்குள் எல்லையோர முகாம்களைக் காலி செய்து, ஆயுதத்தைக் களைந்து, உள்ளே தள்ளிக் குடியமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். எல்லை மேடுகளில் ஈராக்கின் எல்லைக் காவலர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். தெமொக்ராத் பல நிலைகளைக் காலி செய்தது. அல்ஜியர்ஸில் ஷாவும் சதாமும் செய்ததை அரை நூற்றாண்டு கழித்து வேறு இருவர் செய்தார்கள். இந்த முறை நடுவில் ஒரு குர்து அரசும் இருந்தது, ஆனால் அந்த அரசாலும் தடுக்க முடியவில்லை.

ஈரானிய எதிர்க்கட்சிகளோடு உள்ள உறவில் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. 2012இல் ஹிஜ்ரியும் கொமலாவின் அப்துல்லா மொஹ்ததியும் குர்துகளின் தன்னுரிமையைச் சொல்லும் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, புலம்பெயர்ந்த ஈரானியர் பலர் அதைப் பிரிவினைச் சாசனம் என்று தாக்கினார்கள். 2023இல் மொஹ்ததி, மறைந்த ஷாவின் மகன் ரேசா பஹ்லவியோடு ஒரு கூட்டணியில் அமர்ந்தார். சில வாரங்களில் அது கலைந்தது. கூட்டாட்சி என்ற சொல்லைத் தெஹ்ரான் ஆட்சி வெறுக்கும் அளவுக்கே, அந்த ஆட்சியை எதிர்ப்பவர்களிலும் ஒரு பெரும்பகுதி வெறுக்கிறது. மேற்கு அஜர்பைஜான் மாகாணத்தில் குர்தும் அஜரி துருக்கரும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். 1979 ஏப்ரலில் நக்கதே நகரில் தெமொக்ராத்தின் பொதுக்கூட்டத்திலிருந்து தொடங்கிய இனமோதலை அங்கே இருதரப்பும் மறக்கவில்லை. கூட்டாட்சியில் அந்த மாகாணத்தின் கோடு எங்கே விழும் என்று கேட்டால் இரண்டு வரைபடம் வரும். தெற்கே கெர்மான்ஷாவிலும் இலாமிலும் வாழும் ஷியா குர்துகளிடம் கட்சிக்கு மகாபாத்தில் உள்ள வேர் இல்லை.

இனி இந்தப் பகுதியிலிருந்து செய்தி வரும்போது மூன்றைப் பாருங்கள். சண்டை எல்லைக்கு எந்தப் பக்கம், யார் செல்வாக்கில் உள்ள மாவட்டத்தில் நடந்தது; பாஷ்மாக், ஹாஜி ஒம்ரான் கடவைகள் திறந்திருக்கின்றனவா; ஈரானுக்குள் கடைகள் மூடினவா. கட்சிகளின் அறிக்கைகளைவிட இவை சீக்கிரமும் சரியாகவும் சொல்லும். அந்த எல்லையில் கோல்பர்கள், முதுகில் டயரும் சிகரெட்டும் தொலைக்காட்சிப் பெட்டியும் சுமந்து பனியில் நடந்து பிழைப்பவர்கள், ஒவ்வோர் ஆண்டும் எல்லைக் காவலரின் குண்டுக்கு இரையாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் கட்சியிலும் இல்லாத, வேலை கிடைக்காத குர்து இளைஞர்கள்.